ஒரே பழைய இலத்தீன் திருப்பலி. அதை நிறைவேற்றும் குருக்கள் ஏன் ஒருவரையொருவர் ஏற்பதில்லை?

கேள்வி: புதுவரவு

அனைவருக்கும் வணக்கம். சில காலமாக நானும் என் மனைவியும் பழைய இலத்தீன் முறைத் திருப்பலிக்குச் சென்று வருகிறோம். நாங்கள் சென்றுவரக்கூடிய தொலைவில் மூன்று இடங்களில் அது நடைபெறுகிறது. ஒன்றை, மறைமாவட்ட ஆயரின் அனுமதியோடு, புனித பேதுரு குருக்கள் சகோதரத்துவத்தைச் சேர்ந்த குரு நடத்துகிறார். இரண்டாவது, பேராயர் மார்செல் லெஃபெவ்ர் தொடங்கிய பத்தாம் பயஸ் சபையின் சிற்றாலயம். மூன்றாவதை, எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத முதியவர் ஒருவர் தனியாக நடத்துகிறார்.

உள்ளே சென்று முழந்தாளிடுபவருக்கு மூன்றுக்கும் வேறுபாடு தெரியாது. பீடத்தில் அதே ஆறு மெழுகுதிரிகள், குருவின் அதே தாழ்ந்த குரல், அதே நீண்ட மௌனம். ஆனால் மூன்றாவது ஆலயத்தின் கதவில், பிற இலத்தீன் பூசைகளுக்கும் செல்லும் வழக்கமுள்ளவர்கள் இங்கு நற்கருணை வாங்க முன்வர வேண்டாம் என்று ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. இரண்டாவது ஆலயத்தின் குருவோ, முதலாவதற்குச் செல்வதை நாங்கள் படிப்படியாக நிறுத்திக்கொள்வது நல்லது என்று கனிவாகத்தான் சொன்னார். முதலாவது ஆலயத்தில் எவரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மற்ற இரண்டின் பெயரை எடுத்தாலே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. பெரிய வெள்ளியன்று மூன்றாவது ஆலயத்தில் குரு மட்டுமே நற்கருணை உட்கொண்டார், மக்களுக்கு வழங்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

இந்தப் பிரிவுகள் எதைப் பற்றியவை? எந்த இடத்தில் நாங்கள் பெறும் அருட்சாதனங்கள் செல்லும், எந்த இடத்தில் செல்லாது? சண்டையை வளர்க்கக் கேட்கவில்லை. என் மகள் உறுதிபூசுதல் பெறும் வயதை எட்டிவிட்டாள். முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வந்துள்ளது.

மறுமொழி 1: பழைய ஏடு

திருப்பலி நூலைப் புரட்டிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது, ஏனெனில் மூன்று பீடங்களிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே நூல்தான். அந்தக் குருவுக்குத் திருப்பட்டம் கொடுத்தவர் யார், அவரை அங்கே அனுப்பியவர் யார், அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பவற்றில்தான் மூன்று இடங்களும் பிரிகின்றன. வழிபாட்டைப் பற்றிய சண்டைபோலத் தோன்றுவதில் பெரும்பகுதி அதிகாரத்தைப் பற்றிய சண்டை என்பதே இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த புதிய சடங்குகளை ஏற்காமல் பழையதைப் பற்றி நின்றவர்களிடையே, தொடக்கத்தில் ஒரே முகாம்தான் இருந்தது என்று பெரும்பாலும் சொல்லலாம். 1970 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் மறைமாவட்ட ஆயர் ஃபிரான்சுவா ஷரியேர் பத்தாம் பயஸ் சபைக்கு முறைப்படி ஒப்புதல் அளித்தார். 1975-இல் அவருக்குப் பின் வந்த ஆயர் மாமி அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டு, தடையை மீறி சபையின் எக்கோன் குருமடத்தில் குருப்பட்டம் வழங்கியதற்காக, திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில் லெஃபெவ்ர் குருத்துவப் பணிகளிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகும் பேச்சுவார்த்தை தொடர்ந்தது. 1988 மே 5 அன்று கர்தினால் ராட்சிங்கரோடு (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) ஓர் உடன்படிக்கையில் கையெழுத்தும் ஆயிற்று. மறுநாளே லெஃபெவ்ர் பின்வாங்கினார். தம் சபைக்கு ஆயர் ஒருவரை உரோமை உண்மையாகவே தருமா, எப்போது தரும் என்ற ஐயமே அதற்கு முதன்மையான காரணம். சூன் 30 அன்று, திருத்தந்தையின் ஆணையின்றி, ஃபெல்லே, டிசியே டி மல்லெரே, வில்லியம்சன், கலரெட்டா ஆகிய நால்வரை அவர் ஆயர்களாகத் திருப்பொழிவு செய்தார். பிரேசிலின் காம்போஸ் மறைமாவட்ட முன்னாள் ஆயர் காஸ்ட்ரோ மையெர் உடன் நின்றார். சூலை 2 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'எக்லேசியா தேயி' மடலை வெளியிட்டு, இச்செயலால் சபைவிலக்கு நேர்ந்துவிட்டது என்று அறிவித்தார். சூலை 18 அன்று, லெஃபெவ்ரின் வழியில் வந்தவர்களே ஆனால் இந்தத் திருப்பொழிவுகளை ஏற்க மனமில்லாத சில குருக்கள், ஒத்ரீவ் என்ற துறவுமடத்தில் கூடிப் புனித பேதுரு சகோதரத்துவத்தைத் தொடங்கினார்கள். ஆக, தாங்கள் குறிப்பிடும் முதல் ஆலயமும் இரண்டாம் ஆலயமும் பிரிந்தது அந்த மூன்று வாரங்களுக்குள்தான். அன்று ஒருவரையொருவர் நன்கறிந்த, ஒரே குருமடத்தில் ஒரே ஆசிரியர்களிடம் பயின்ற மனிதர்கள் எதிரெதிர்ப் பக்கம் போனார்கள். அந்த மனவருத்தம்தான் 'படிப்படியாக நிறுத்திக்கொள்ளுங்கள்' என்ற கனிவான சொல்லில் இன்றும் ஒலிக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பிளவு எப்படி வீட்டுக்குள் புகுந்தது என்பதற்கு ஒரு துறவுமடத்தின் கதையைச் சொல்லலாம். பிரான்சின் லெ பாரூ ஆசீர்வாதப்பர் மடத்தின் தலைவர் ஜெரார் கால்வே 1988-இல் உரோமையோடு இணக்கம் கண்டார். பிரேசிலிலிருந்த அதன் கிளைமடத்தின் தலைவர் தோமாஸ் தெ அக்கினோ இதை ஏற்காமல் தாய்மடத்தைப் பிரிந்து லெஃபெவ்ர் பக்கம் நின்றார். பின்னர் பத்தாம் பயஸ் சபையே உரோமையோடு பேசத் தொடங்கியபோது அவர் அந்தச் சபையையும் பிரிந்தார். 2012-இல் அச்சபையிலிருந்து நீக்கப்பட்ட ஆயர் வில்லியம்சன், 2015-இல் இதே பிரேசில் மடத்தில்தான் ஃபோர் என்பவரை ஆயராக்கினார். மறு ஆண்டு தோமாஸ் தெ அக்கினோவும் அவர் கையால் ஆயரானார். இவர்களைத்தான் 'எதிர்ப்பு இயக்கத்தார்' என்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, 1988-இல் லெஃபெவ்ருடன் நின்ற காஸ்ட்ரோ மையெரின் குருக்களோ 2002-இல் உரோமையோடு ஒப்புரவாகித் தங்களுக்கென மறைமாவட்டம் போன்ற ஒரு தனித் திருத்தூது நிர்வாகத்தைப் பெற்றார்கள்.

மூன்றாவது ஆலயம் வேறொரு கிளையாக இருக்கக்கூடும். 1983-இல் அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் பத்தாம் பயஸ் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1962-ஆம் ஆண்டுத் திருப்பலி நூலைக் கட்டாயமாக்கியதை அவர்கள் எதிர்த்தார்கள். புதிய சடங்கில் குருப்பட்டம் பெற்றவர்களை மறுபட்டமின்றி ஏற்பதையும், மறைமாவட்ட நீதிமன்றங்கள் திருமணங்களைச் செல்லாதென அறிவிப்பதை நம்புவதையும் எதிர்த்தார்கள். அவர்களுள் பலர், பேதுருவின் பீடம் இப்போது காலியாக உள்ளது, அதாவது உரோமையில் இருப்பவர் உண்மையான திருத்தந்தை அல்லர் என்ற நிலைப்பாட்டைக் கொண்டவர்கள். செடேவகாண்டிஸ்டுகள் என்ற பெயர் இத்தகையோரையே குறிக்கும். ஆனால் அந்த ஒன்பது பேரும் ஒன்றாக நீடிக்கவில்லை. வியட்நாமின் ஹியூ நகர் முன்னாள் பேராயர் ங்கோ தின் துக் 1981-இல் உரோமையின் ஆணையின்றி ஆயர்களை ஏற்படுத்தினார். அந்த வழியில் வரும் பட்டங்களை நம்பலாமா என்ற கேள்வியில் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நம்பியவர்களுள் ஒருவரான டேனியல் டோலன் 1993-இல் துக் வழியில் ஆயரானார். நம்பாதவர்களின் தலைவரான கிளாரன்ஸ் கெல்லி அதே 1993-இல் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆயர் மெந்தெஸிடம் திருப்பொழிவு பெற்றார். துக் வழிக் குருக்களிடம் செல்லும் மக்களுக்கு நற்கருணை மறுப்பது கெல்லி குழுவினரிடம் உள்ள வழக்கம். தாங்கள் கண்ட தாள் அத்தகையதா, வேறு காரணத்தாலானதா என்பதை அந்தக் குருவிடமே கேட்டால்தான் தெரியும்.

பெரிய வெள்ளியில் தாங்கள் கவனித்தது நல்ல அடையாளம். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளைச் சீர்திருத்தியபோதுதான் அந்நாளில் மக்களும் நற்கருணை பெறும் வழக்கம் வந்தது. ஆகவே அங்கு பயன்படுவது 1955-க்கு முந்தைய சடங்கு. இதை மட்டும் வைத்து அவர் காலிப்பீடக் கொள்கையினர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். உரோமையோடு இணைந்த சில இல்லங்களும் சில ஆண்டுகள் அனுமதி பெற்று அதைப் பயன்படுத்தியுள்ளன.

மறுமொழி 2: சட்ட மாணவர்

வரலாற்றை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். செல்லுமா செல்லாதா என்ற பகுதிக்கு நான் வருகிறேன். இங்கே 'செல்லுபடியாகும்' என்பதையும் 'சட்டப்படி தகும்' என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அருட்சாதனம் உண்மையாகவே நிகழ்ந்ததா என்பது முதலாவது; திருச்சபைச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை எழுகிறது.

செல்லுபடியாகத் திருப்பட்டம் பெற்ற குரு எவரும் நிறைவேற்றும் திருப்பலி செல்லும். அவர் இடைநீக்கம் செய்யப்பட்டவராயினும் செல்லும். ஆனால் பாவமன்னிப்பு அப்படியன்று. குருப்பட்டத்தோடு, அதை வழங்குவதற்கான உரிமையும் குருவுக்குத் தேவை. திருமணத்திற்கும் அதுபோலவே அதிகாரம் பெற்ற சாட்சி தேவை. நெடுங்காலம் பத்தாம் பயஸ் சபைக் குருக்கள் தங்களுக்கு அவசரநிலை காரணமாகத் திருச்சபையே அதிகாரத்தை நிரப்புகிறது என்று வாதிட்டு வந்தார்கள்; உரோமை அதை ஏற்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் இரக்கத்தின் ஆண்டை முன்னிட்டு 2015-இல் அவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் உரிமையைத் தாமே அளித்து, 2016 நவம்பரில் அதைக் காலவரையின்றி நீட்டித்தார். 2017-இல் திருமணங்களுக்கும் வழி செய்யப்பட்டது: மறைமாவட்டக் குரு ஒருவர் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, பிறகு சபைக் குரு திருப்பலி நிறைவேற்றலாம், அது இயலாதபோது ஆயர் சபைக் குருவுக்கே நேரடியாக அதிகாரம் கொடுக்கலாம். ஆகையால், அந்த அனுமதி நடைமுறையில் உள்ளவரை, இரண்டாம் ஆலயத்தில் ஒப்புரவு அருட்சாதனம் பெறுவதில் ஐயம் இல்லை. ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடனைப் பொறுத்தவரை, பழைய வழிபாட்டினரின் விவகாரங்களைக் கவனித்த உரோமையின் எக்லேசியா தேயி ஆணையம் 2003-இல் எழுதிய விளக்கம், கண்டிப்பான பொருளில் அங்கே அக்கடன் நிறைவேறும் என்றும், பழைய வழிபாட்டின்மீதுள்ள பக்தியே காரணமானால் செல்வது பாவமாகாது என்றும் கூறுகிறது. அதற்காக அச்சபைக்குத் திருச்சபையில் முழு அங்கீகாரம் வந்துவிட்டது என்று பொருள் கொள்ளக்கூடாது. 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் நான்கு ஆயர்களின் சபைவிலக்கை நீக்கியபோதே, சபைக்கு முறையான சட்டநிலை இன்னும் இல்லை என்று தெளிவாக எழுதினார்.

மூன்றாம் ஆலயக் குருவுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. இறக்கும் தறுவாயிலுள்ள ஒருவருக்கு எந்தக் குருவும் பாவமன்னிப்பு வழங்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு வெளியே, உடல்நலத்தோடு இருக்கும் தாங்கள் அவரிடம் ஒப்புரவு பெறுவது உறுதியான தரையில் நிற்பதாகாது.

இன்னொரு செய்தி. பத்தாம் பயஸ் சபையின் பட்டங்களே செல்லாது என்ற வதந்தி இணையத்தில் உலவுகிறது. லெஃபெவ்ருக்குப் பட்டம் கொடுத்த கர்தினால் லியேனார், திருச்சபை தடைசெய்த ஃப்ரீமேசன் சங்கத்தில் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டே அதன் அடிப்படை. அதைக் கண்டு கலங்க வேண்டாம். 1947-இல் லெஃபெவ்ர் ஆயரானபோது லியேனாரோடு வேறு இரு ஆயர்களும் கை வைத்தார்கள். தவிர, பட்டம் கொடுப்பவரின் தனிப்பட்ட பாவம் பட்டத்தைக் கெடுக்காது என்பது அகுஸ்தீனார் காலத்திலேயே தீர்ந்துபோன வழக்கு.

மறுமொழி 3: கோவில்மணி

சேசுவுக்குத் தோத்திரம். நான் பல ஆண்டுகளாகப் பத்தாம் பயஸ் சபையின் கோவிலுக்குச் செல்பவன். மேலே எழுதிய இருவரும் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் எங்களையும் காலிப்பீடக் கொள்கையினரையும் ஒரே மூச்சில் சொல்வது சரியன்று. எங்கள் குருவானவர் ஒவ்வொரு பூசையிலும் பாப்பரசரின் பெயரையும், அந்த இடத்து மேற்றிராணியாரின் பெயரையும் சொல்லியே வேண்டுகிறார். பாப்பரசர் சொல்வது அனைத்தையும் செய்ய வேண்டுமா என்பதே எங்கள் கேள்வி. பாப்பரசர் உண்டா இல்லையா என்பது எங்கள் கேள்வியன்று.

அனுமதியோடு நடத்தும் சபையினரிடம் எங்கள் ஆட்களுக்கு ஏன் தயக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசையைத் தாராளமாக்கினார். 2021 சூலையில் பிரான்சிஸ் 'திரதிசியோனிஸ் குஸ்தோதேஸ்' என்ற ஆணை மூலம் அதைச் சுருக்கினார். அதே ஆண்டில் பிரான்சின் திஷோன் நகரில், புதிய சடங்கில் கூட்டுத் திருப்பலி நிறைவேற்ற மறுத்ததும் ஒரு காரணமாகக் கூறப்பட்டு, பேதுரு சகோதரத்துவக் குருக்கள் வெளியேற நேர்ந்தது. ஒரு கையெழுத்தில் வருவது இன்னொரு கையெழுத்தில் போகும் என்றால், பிள்ளைகளின் ஞானோபதேசத்தை அதன்மேல் கட்டுவது எப்படி என்று பெற்றோர் கேட்கிறார்கள். இதை அகந்தை என்று தள்ளிவிடாமல் பதில் சொல்ல வேண்டும். தேவநற்கருணைக்கு முன்னால் வருபவரைக் கதவிலேயே தாள் ஒட்டித் தடுக்கும் வழக்கத்தை மட்டும் நானும் ஏற்பதில்லை.

புதுவரவு (மீண்டும்)

மூவருக்கும் நன்றி. மறுமொழிகளைப் படித்தபின் அந்த முதிய குருவிடமே சென்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. தாம் துக் வழியில் வந்த ஆயர் ஒருவரிடம் குருப்பட்டம் பெற்றவர் என்றும், நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் வரும் இடத்தில் எவர் பெயரையும் சொல்வதில்லை என்றும் கூறினார். திருப்பலி நூலைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினார். பக்க ஓரம் விரல்பட்டுக் கறுத்திருந்தது, அந்த ஒரு வரியின்மேல் மட்டும் மெல்லிய பென்சில் கோடு. பிற ஆலயங்களில் அந்தப் பெயர் சொல்லப்படுகிறது, ஆகவே அங்கே பங்கேற்பவர் தவறான தலைமையோடு தம்மை இணைத்துக்கொள்கிறார் என்பதே கதவிலுள்ள தாளுக்குக் காரணமாம்.

அந்த வரி மௌனமாகச் சொல்லப்படுவது. மக்கள் யாருக்கும் கேட்காது. இத்தனை காலம் அங்கே முழந்தாளிட்டிருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்று. ஆண்டுக்கொரு முறை வரும் ஆயர் என் மகளுக்கு உறுதிபூசுதல் கொடுப்பார் என்றும் அன்போடு சொன்னார். மனைவி அவர்மேல் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறாள், நானும்தான். என்ன செய்வது?

மறுமொழி 4: பழைய ஏடு

அந்த ஒரு வரிதான் மூன்றாம் முகாமுக்கு உள்ளேயும் பிளவை உண்டாக்கியிருக்கிறது. பீடம் காலி என்று நம்பினாலும், பெயர் சொல்லப்படும் திருப்பலிக்கு மக்கள் வேறு வழியில்லாதபோது செல்லலாம் என்போர் அவர்களிடையே உண்டு. கூடவே கூடாது என்போரும் உண்டு. பிரெஞ்சு தொமினிக்கன் துறவி கெரார் தெ லோரியே, துக்கின் கையால் 1981-இல் ஆயரானவர், இன்னொரு நடுவழியையும் வகுத்தார்: தேர்ந்தெடுக்கப்பட்டவர் பீடத்தில் அமர்ந்திருக்கிறார், ஆனால் அதிகாரம் அவருக்கு வந்து சேரவில்லை என்பது அவர் வாதம். சிலர் இன்னும் ஒரு படி போய்த் தாங்களே திருத்தந்தையைத் தேர்ந்துகொண்டார்கள். 1990-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஆறு பேர் கூடி டேவிட் பாவ்டன் என்பவரைத் தேர்ந்தது அவற்றுள் ஒன்று. தலைமையை அடையாளம் காணும் பொறுப்பு ஒவ்வொரு குருவின் தீர்ப்புக்கும் வந்துவிட்டால் பிரிவு எங்கே நிற்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த முதியவர் நல்லவராக இருக்கலாம். அதை நான் ஐயப்படவில்லை.

மறுமொழி 5: சட்ட மாணவர்

மகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே வருபவர் செல்லுபடியாகத் திருப்பொழிவு பெற்ற ஆயரானால், அவர் கொடுக்கும் உறுதிபூசுதலும் செல்லும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டப்படி தகாது. துக்கின் மனநிலை குறித்து எழுப்பப்பட்ட ஐயங்களை நான் பெரிதாக மதிக்கவில்லை. இருப்பினும் பின்னாளில் யாராவது அதைக் கிளப்பினால், இந்த அருட்சாதனத்தை ஒருமுறைதான் பெற முடியும் என்பதால், மகள் வீணாக அலைக்கழிக்கப்படுவாள். அதைவிட முக்கியமானது, பதினான்காம் லியோ திருத்தந்தை அல்லர் என்று கொள்ளும் ஒரு கூட்டுறவுக்குள் அவள் தெரிந்தோ தெரியாமலோ சேர்க்கப்படுகிறாள் என்பது. தாங்கள் அந்த நிலைப்பாட்டை ஏற்கவில்லை என்றால், குருவின்மேல் உள்ள மரியாதைக்காக மகளை அங்கே நிறுத்துவது நேர்மையாகாது.

முதல் ஆலயத்துக் குருவிடம் பேசிப் பாருங்கள். அவர்களுக்குச் சொந்த ஆயர் இல்லை; மறைமாவட்ட ஆயரையோ அவர் இசையும் வேறொருவரையோதான் அழைக்க வேண்டும். 2022 பிப்ரவரி 11 அன்று பிரான்சிஸ் அந்தச் சகோதரத்துவத்துக்குத் தனி ஆணையாக, 1962-இல் நடைமுறையிலிருந்த திருப்பலி நூலோடு ஆயர் சடங்கு நூலையும் பயன்படுத்த அனுமதித்தார். ஆகவே பழைய சடங்கிலேயே அவளுக்கு உறுதிபூசுதல் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஆயர் இசையாவிட்டால் பங்கில் புதிய சடங்கில் பெறட்டும். அதன் செல்லுபடியில் எள்ளளவும் குறைவில்லை, கோவில்மணி அவர்கள் இதில் என்னோடு மாறுபடக்கூடும்.

எந்த இடமானாலும், முடிவெடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: மகளின் பெயர் எந்தப் பதிவேட்டில் எழுதப்படும், அவள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குச் செய்தி அனுப்பப்படுமா? திருமணத்தின்போது பங்குத்தந்தை கேட்கும் சான்றில் இந்தக் குறிப்பும் இருக்க வேண்டும். அங்கே அது இல்லாமற்போனால், சாட்சிகளைத் தேடி நிறுவ வேண்டிய சுமை அவள்மேல்தான் விழும்.